ஹாஸ்லாக்கில் யாரையும் கேட்கக் கூடாது

ஹாஸ்லாக், பவேரியா
17 நவம்பர் 1946

மதிப்பிற்குரிய ரெய்சல் அண்ணிக்கு,

ஹிந்தா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நன்றி கெட்ட பேச்சு. உயிரோடு இருக்கிறேன், வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். நீங்கள் மாண்டிவீடியோவிலிருந்து அனுப்பிய கம்பளி நூலும் காப்பிக்கொட்டையும் பத்திரமாக வந்தன. நூலில் ஸ்வெட்டர் பின்னுகிறேன். காப்பிக்கொட்டையில் பாதி ஒரு ஜோடி பூட்ஸாக மாறிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே காப்பிக்கு இருக்கிற மதிப்பு மனிதனுக்கு இல்லை.

நம் யூத ஜனங்கள் அத்தனை பேரும் அடுத்த ஊர் அகதி முகாமில் இருக்க, நீ மட்டும் ஏன் ஒரு ஜெர்மன்காரி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று போன கடிதத்தில் திட்டியிருந்தீர்கள். காரணம் உங்கள் தம்பி ஷூலிம்தான். போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நாஜி எஸ்.எஸ். காவலர்கள் கைதிகளை மழையில் நடத்திக்கொண்டு போனார்களே, அந்த வழி இந்த ஊருக்குள்தான் போகிறது. ஷூலிமோடு நடந்த ஃபிஷல் என்பவரை முகாமில் கண்டுபிடித்தேன். ஹாஸ்லாக் மரக்கோயில் திருப்பத்தில் ஷூலிம் கால் மடங்கி விழுந்தான், அதற்குமேல் நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அடிப்பார்கள் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் எத்தனையோ முறை திரும்பிப் பார்க்காமல் நடந்தவள்தான்.

அதனால் இங்கே வந்தேன். ஊரை ஆளும் அமெரிக்கக் கேப்டன், மெக்கால் என்று பெயர், சிவந்த முகம், நல்ல மனிதர், ஒரு உத்தரவு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டியதும் வால்புர்கா ஸ்டாட்லர் என்கிற விதவை தன் மாடி அறையைத் திறந்துவிட்டாள். சாவியோடு வாசலில் நின்று, "வாங்க. படியில தலை இடிக்கும், பாத்து ஏறுங்க. இடிச்சுக்கிட்டீங்கன்னா அதுக்கும் என்னையத்தான் ஜெயில்ல போடுவாங்க" என்று சொன்னாள். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

அடுப்பு ஒன்றுதான். என் சட்டியை ஆணியில் தனியாக மாட்டி வைத்தேன். ஒருநாள் அவள் அதில் பன்றிக் கொழுப்பை உருக்கிவிட்டாள். நான் சட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தேன். அதைப் பொறுக்கி, மணல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்தாள். "நல்ல சட்டிய யாராச்சும் வீசுவாங்களா? ஒங்களுக்குக் கிறுக்கா?" என்றாள். பன்றி பட்ட சட்டி எவ்வளவு தேய்த்தாலும் நம் மதத்துக்கு உதவாது என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மறுநாள் பரணிலிருந்து அவள் தொடாத ஒரு புதுச் சட்டியை எடுத்து என் ஆணியில் மாட்டியிருந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை.

வந்த புதிதில் ஊரில் வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே பதில்தான். "அன்னிக்கு மழைங்க, ஜன்னலச் சாத்தியிருந்தோம்." ஊர் முழுக்க அத்தனை ஜன்னலும் ஒரே நேரத்தில் சாத்தியிருந்திருக்கிறது. இப்படி ஒரு ஒற்றுமையான ஊரை நான் கண்டதில்லை.

அண்ணி, இனி எழுதப் போவதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். முகாமில் பெரிஷ் என்று ஒருவர் இருக்கிறார். லூப்லின் பக்கம். மனைவியும் இரண்டு பெண்களும் மாண்டுவிட்டார்கள். அமெரிக்கர்களின் சமையல் கொட்டகையில் உருளைக்கிழங்கு உரிக்கிறார், வாய் ஓயாமல் பேசுவார். நான் சிரித்து எத்தனை காலமாயிற்று என்பது அவர் பேச்சைக் கேட்ட அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாமன் அவரை அழைத்திருக்கிறார், வரும் கோடையில் கப்பல். என்னை மணக்கக் கேட்கிறார்.

நம் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. கணவன் இறந்ததற்குச் சாட்சி இல்லாதவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை, மறுபடி மணக்கவும் முடியாது. கட்டுண்டவள் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முகாமின் மதகுரு ரபி கிர்ஷெனிடம் போய் அழுதேன். அவர் தாடியை உருவிக்கொண்டு, "ஊர்ல யாரையாவது கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். "இனிமே கேக்காத. நீ கேட்டு அவன் சொன்னா, ஒனக்குப் பிடிச்சதச் சொல்லுவான். இல்லாட்டி அவனுக்கு லாபமானதச் சொல்லுவான். அது செல்லாது. நம்ம ஆளு இல்லாத ஒருத்தன், யாரும் கேக்காம, வேற பேச்சுக்கு நடுவுல தானா வாய்தவறிச் சொன்னான்னா, அது செல்லும். போயி காதத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காரு" என்றார்.

அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாலையானால் வால்புர்காவின் சமையலறையில் பின்னல் ஊசியோடு ஒரு மூலையில் இருப்பேன். அவள் முட்டிவலியைப் பற்றிப் பேசுவாள், பால் வற்றிய மாட்டைப் பற்றிப் பேசுவாள், ரஷ்யாவில் காணாமல் போன மகன் ஸாவரைப் பற்றிப் பேசுவாள். கைதிகள் நடந்து போன அந்த ஏப்ரல் மாதம் மட்டும் அவள் பேச்சில் வருவதே இல்லை. இந்த ஊரில் என்னோடு பேச அவள் ஒருத்திதான். அவளிடம் கேட்க எனக்கு இருப்பது ஒரே கேள்வி, அதைக் கேட்கக் கூடாது. தனியாக இருப்பது என்றால் என்னவென்று நாஜிகளின் முகாமில் கிடந்த காலத்தில்கூட எனக்கு இப்படித் தெரிந்ததில்லை.

என் மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி,
ஹிந்தா


ஹாஸ்லாக்
9 பிப்ரவரி 1947

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதச் சொன்னது நான்தான், ஆனால் இவ்வளவு கோபத்தை எதிர்பார்க்கவில்லை. "என் தம்பி உயிரோடு இருக்கிறான். ரஷ்யாவிலிருந்து இன்னும் ஆட்கள் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவனைச் சாகடிக்க உனக்கு என்ன அவசரம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவர் நீங்கள். நான் அவரோடு வாழ்ந்தது ஒன்றரை வருடம். யாருக்கு உரிமை அதிகம் என்று தராசில் வைத்தால் நான் தோற்றுப்போவேன், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வரியைப் படித்த அன்று பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்து போனேன், அழுதால் வீட்டில் அவளுக்குக் கேட்குமே என்று.

இங்கே இந்த வருடக் குளிர் கிழவர்கள்கூடக் கண்டிராத குளிராம். நீங்கள் அனுப்பிய நூலால் பின்னிய ஸ்வெட்டர்தான் என்னைக் காப்பாற்றியது. மாடி அறையில் தண்ணீர் உறைந்துவிடுகிறது என்று இப்போது சமையலறையிலேயே படுக்கிறேன். வால்புர்கா முதலில் முணுமுணுத்தாள், பிறகு அவளும் தன் கட்டிலை இழுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. பெரிஷுக்குப் பொறுமை கிடையாது. என்னிடம் சொல்லாமல் கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். கேட்கக் கூடாது என்பதைச் சொன்னாரா இல்லையா என்று இன்னும் எங்களுக்குள் சண்டை. சொன்னேன் என்று சத்தியம் செய்கிறார். சொல்லியிருந்தாலும் அந்த அமெரிக்கருக்கு அது தலைக்குள் போயிருக்காது. சாட்சி வேண்டும், ஆனால் கேட்கக் கூடாது என்றால் எந்தப் பட்டாளக்காரனுக்குப் புரியும்?

கேப்டன் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரையும் சத்திரத்துக் கூடத்தில் உட்காரவைத்தார். துப்பாக்கியோடு இரண்டு பேர் வாசலில். மொழிபெயர்ப்பாளரை வைத்து உரக்கக் கேட்டார்: இந்த ஊரில் விழுந்த ஒரு கைதி, இடது கையில் ஆறு விரல், யார் பார்த்தது? உங்கள் தம்பியின் கட்டைவிரல் ஓரத்தில் முளைத்த அந்தக் குட்டி விரலை அடையாளமாக நான் ரபியிடமும் பெரிஷிடமும் மட்டுமே சொல்லியிருந்தேன். அது ஊருக்கே கேட்கும்படி ஒலித்தபோது நான் கூடத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

 பிறகு அலோய்ஸ் கிரண்ட்னர் என்று ஒருவன் கை தூக்கினான். நாஜிக் கட்சியில் இருந்தவன், அமெரிக்கர்களிடம் நற்சான்று வாங்க நாயாய் அலைபவன். "நான் பாத்தேனுங்க. ஆறு விரலேதான். நாந்தான் தண்ணி குடுத்தேன். என் மடியிலதான் உசுரு போச்சு" என்று அழுதே காட்டினான். எந்த இடத்தில் என்றால் ஒரு இடம், எந்த நேரத்தில் என்றால் ஒரு நேரம். எல்லாம் பொய் என்று அவனுக்கும் தெரியும், கூடத்துக்கும் தெரியும். கேப்டனுக்கு மட்டும் தெரியவில்லை. அதை எழுதி, முத்திரை குத்தி, சிரித்த முகத்தோடு என் கையில் கொடுத்தார். பிறந்தநாள் பரிசு கொடுக்கிற மாதிரி கொடுத்தார், அண்ணி. நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ரபி அதைப் படிக்கவே இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே எவன் ஆறு விரல்னு சொன்னாலும் என்னால ஏத்துக்க முடியாதேம்மா. ஊரே கேட்டுருச்சே" என்றார். பெரிஷ் சுவரில் முட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வாரமாக அவரோடு நான் பேசவில்லை. நேற்றுதான் பேசினேன். உரித்த உருளைக்கிழங்கு ஒரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டு, "திட்டவாச்சும் செய்யி ஹிந்தா. நீ பேசாம இருந்தா எனக்கே என் பேச்சு சலிச்சுப்போவுது" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று கூடத்தில் வால்புர்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. பனியில் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில், "அந்த அலோய்ஸு பெத்த அம்மாவுக்கே தண்ணி மோந்து குடுத்ததில்ல" என்றாள். நான் காத்திருந்தேன். மேலே ஒன்றும் வரவில்லை. அவளுக்கு ஏதோ தெரியும் என்று அந்த நிமிடம் எனக்கு உறைத்தது. தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிடலாமா என்று வந்த கோபத்தை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். கேட்டால் கிடைத்துவிடும், ஆனால் செல்லாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பில் விறகு வைத்தேன்.

தபால்காரன் வந்தால் இப்போதெல்லாம் நான்தான் முதலில் ஓடுகிறேன். ஸாவரிடமிருந்து ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்காகப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகிவிட்டேன். இவள்மேல் எனக்கு இரக்கமா வெறுப்பா என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே தட்டில் கிடக்கிறது.

நீங்கள் சொன்னபடி அவர் உயிரோடு வந்துவிட்டால் என்னைவிட யாருக்கு அண்ணி சந்தோஷம்? அன்றைக்கே பெரிஷைக் கும்பிட்டு வழியனுப்பிவிடுவேன். நம்புங்கள்.

உங்கள் தம்பி மனைவி,
ஹிந்தா


ஹாஸ்லாக்
29 ஏப்ரல் 1947

என் அன்பான அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கச் சொல்லுங்கள்.

பஸ்கா பண்டிகை முடிந்த பிறகு இங்கே எல்லோரும் மண்ணைக் கொத்தத் தொடங்கிவிட்டார்கள். பங்கீட்டில் கிடைப்பது அரை வயிற்றுக்குக் காணாது. பூச்செடி இருந்த இடத்தில்கூட உருளைக்கிழங்குதான். வால்புர்காவின் தோட்டத்தில் பேரிக்காய் மரத்தடியில் ஒரு நீளத் துண்டு மட்டும் போன வருடமும் சும்மா கிடந்தது. முட்டிவலியால் அவளால் முடியவில்லை என்று நினைத்து, ஞாயிறன்று பெரிஷ் மண்வெட்டியோடு வந்தார். நான் கொட்டகை நிழலில் விதைக்கிழங்கு அறுத்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டி ஒருமுறைதான் இறங்கியது.

"அங்க வெட்டாத! ஏய், அங்க வெட்டாதன்னு சொல்றேன்ல!" என்று வால்புர்கா சமையலறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நொண்டிக்கொண்டு ஓடுகிறாள், ஒரு காலில் செருப்பில்லை. "அங்க ஒரு ஆளு படுத்திருக்கான்! எழுப்பிராத!"

பெரிஷ் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். நானும் பேசவில்லை. யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எல்லாம் வீணாகியிருக்கும். கையில் இருந்த கத்தி என் விரலைக் கிழித்தது எனக்குத் தெரியவே இல்லை.

அவள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துப் பேசினாள். அப்படியே எழுதுகிறேன். "வேலியோரம் கெடந்தான். மத்தவங்க போயிட்டாங்க. நான் இழுத்துக்கிட்டுப் போயி விறகுக் கொட்டகையில போட்டேன். வீட்டுக்குள்ள கொண்டுவரல. பொய் சொல்ல மாட்டேன், பயம். பால் குடுத்தேன், எறங்கல. காய்ச்சல்ல என்னையப் பாத்து ரெய்சல், ரெய்சல்ங்கறான். நான் ரெய்சல் இல்லப்பா, வால்புர்கான்னு சொன்னேன். கேக்கமாட்டேங்கறான். அப்புறம் நான் மறுக்கல. ரெய்சல்னா ம்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? அப்பாகிட்ட சொல்லிராத ரெய்சல்னு கெஞ்சுறான். சொல்லல, சத்தியமா சொல்லலன்னு கையப் புடிச்சுச் சொன்னேன். அதுக்கப்புறந்தான் தூங்குனான். விடியறப்ப இல்ல. அமெரிக்காக்காரன் வந்தப்ப சொல்லியிருக்கலாம். சொன்னா நாந்தான் கொன்னேம்பாங்க. இந்த ஊர்ல வாயத் தொறக்கறவன்தான் குத்தவாளி."

எதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார் என்பதையும் அவள் சொன்னாள். அதை நான் எழுதவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

அண்ணி, அந்த மரத்தில்தான் துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனை கட்டியிருந்தது. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் என் பாவாடையையும் உள்பாவாடையையும் அவர் தலைக்கு மேல் காயப்போட்டிருக்கிறேன். அவரைத் தேடித்தான் இந்த ஊருக்கே வந்தேன். அன்று இரவு நான் அவளோடு ஒரே அறையில் படுக்கவில்லை. மாடிக்குப் போய்விட்டேன். காலையில் இறங்கி வந்தபோது கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தாள். "இப்ப கேளு. என்ன கேக்கணுமோ கேளு" என்றாள். அதுவரை அவள் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். இத்தனை மாதம் தொண்டையில் வைத்துக் காத்த கேள்விகள், ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், அவருக்குக் குளிரடித்ததா என்று மட்டும் கேட்டேன். ஸாவரின் கோட்டைப் போர்த்தினாளாம். அதோடுதான் புதைத்தாளாம்.

என் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மறைக்க மாட்டேன், எனக்கு வலித்தது. உங்கள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மனிதன் அந்த நேரத்தில் தன்னைத் தூக்கி வளர்த்த கையைத்தான் தேடுவான். என்னிடம் அவருக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை, உங்களோடு ஒரு ரகசியம் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்தீர்கள். உங்கள் பெயருக்கு ஒரு ஜெர்மன்காரி 'ம்' சொல்லி, உங்கள் இடத்தில் இருந்து சத்தியமும் செய்து, அவரைத் தூங்கவைத்திருக்கிறாள். வீட்டுக்குள் கொண்டுவராதவளும் அவள்தான். அவளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ரபியிடம் நானும் பெரிஷும் போய்ச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருமுறை கேட்டார். யாரும் கேட்காமல் வந்த பேச்சு, மண்வெட்டியைத் தடுக்க வந்த பேச்சு, செல்லும் என்றார். ஆனால், "ரெய்சல்னு தெருவுக்குத் தெரு ஒருத்தி இருக்கா. விரலை வச்சு முடிவு பண்ணவும் இப்ப வழியில்ல. அந்த ரகசியம் என்னன்னு அந்த அக்காவே எழுதட்டும். ரெண்டும் ஒண்ணாயிருந்தா அன்னிக்கே முடிச்சுடறேன். நீ முந்திக்கிட்டு எழுதிராத" என்று என் கையைக் கட்டிவிட்டார். அதனால்தான் எழுதவில்லை. எனக்குள் இருக்கிறது. பெரிஷ்கூட வாயைக் கட்டியிருக்கிறார். அவர் கப்பல் ஜூலையில். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

நீங்கள் எழுதும்வரை அவர் உங்களுக்கு உயிரோடு இருப்பார், அதை நான் அறிவேன். எழுதினால் உங்கள் கையாலேயே மண் போடுவது போலத்தான். இதை உங்களிடம் கேட்க எனக்கு நா கூசுகிறது. ஆனால் அண்ணி, ரபியின் சொல் வரும்வரை எனக்குத் துக்கம் காக்கச் செருப்பைக் கழற்றித் தரையில் உட்காரக்கூட அனுமதி இல்லை. பழைய சாவு என்பதால் நமக்கு ஒரு மணி நேரத் துக்கம்தான் உண்டாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் அங்கேயும் நான் இங்கேயும் ஒரே நாளில் உட்காருவோம். அதன்பிறகு பெரிஷும் நம் ஆட்களும் அவரை முகாம் இடுகாட்டுக்கு முறைப்படி எடுத்துப் போவார்கள். வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் வருடந்தோறும் அவருக்கு விளக்கு ஏற்றுவேன்.

அவருடைய ரகசியத்தை இவ்வளவு வருடம் காப்பாற்றிவிட்டீர்கள். இப்போது அப்பா இல்லை, அண்ணி. அந்த வீட்டில் அவரைத் திட்டுவதற்கு ஒருவரும் மிச்சமில்லை. என்னிடம் சொல்லிவிடுங்கள்.

கடவுள் உங்கள் கைக்குப் பலம் கொடுக்கட்டும்.

ஹிந்தா